கிளையை நினைவில் வைத்திருப்பது யார்?

ஒரே கணிப்பொறியைப் பல மாணவர்கள் முறை வைத்துப் பயன்படுத்தும் பள்ளிகளில், நிரல் எழுதக் கற்பவர்களைக் கட்டளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் ஒரு சிறு கோப்பைத் திறந்து காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கோப்பின் பெயர் ‘ஹெட்’, அதாவது தலை.

நிரலில் நாம் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் மென்பொருள் ‘கிட்’. லினக்ஸ் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதை உருவாக்கினார். தமிழிலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழியின் மூல நிரலும் கிட் களஞ்சியமாகவே கிடைக்கிறது. அதைப் பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு பள்ளிக் கணிப்பொறியில் இறக்கிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு மாணவி ‘கணக்கு’ என்னும் கிளையைத் தொடங்கி வேலை செய்துவிட்டுப் போகிறாள். மாலையில் ஒரு மாணவன் அதே இடத்தில் அமர்ந்து, ‘படம்’ என்னும் தன் கிளையில் இருப்பதாக எண்ணி எழுதுகிறான். அவன் எழுதியது எங்கே பதிவாகும்? ‘கணக்கு’ கிளையில்தான்! (பதிந்தவர் பெயரும் அவளுடையதாகவே விழக்கூடும்.)

கிளை என்றால் கோப்புகளின் இன்னொரு முழு நகல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. கடைசிப் பதிவின் 40 குறிகள் கொண்ட அடையாள எண்ணை வைத்திருக்கும் சிறு கோப்புதான் அது. களஞ்சியத்தினுள் மறைந்திருக்கும் ‘.கிட்’ கோப்புறையில் ஹெட் இருக்கிறது. திறந்தால் ஒரே வரி: ‘ரெஃப்: ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/கணக்கு’. புதிதாக ஒன்றைப் பதியும்போது கிட் இந்த வரியைப் படித்து, அது காட்டும் கிளையின் எண்ணை மாற்றுகிறது. வரி அப்படியே இருக்கும். நாம் கிளை மாறும்போதுதான் வரி மாறும். கணிப்பொறியை அணைத்தாலும் அழியாது.

நாற்காலியில் இருப்பவர் யார் என்பது அந்த வரிக்குத் தெரியாது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வரும் நீர், திறந்திருக்கும் மடை வழியாகத்தான் வயலுக்குப் பாய்கிறது. இன்று யார் முறை என்று அது கேட்பதில்லை அல்லவா?

இதைவிடச் சிக்கலான நிலையும் உண்டு. பழைய பதிவு ஒன்றை எடுத்துப் பார்க்கும்போது, ஹெட்டில் கிளையின் பெயருக்குப் பதிலாக அடையாள எண்ணே வந்து அமர்ந்துவிடும். அங்கிருந்தபடி புதிதாகப் பதிந்தவை எந்தக் கிளையையும் சேரா. வேறு கிளைக்குப் போனதும் அவற்றைச் சுட்ட ஒரு பெயரும் இராது. ‘ரெஃப்லாக்’ என்னும் நடமாட்டக் குறிப்பில் தேடி மீட்கலாம். ஆனால் நாளடைவில் அந்தக் குறிப்பும் துடைக்கப்படும். ஒரு வாரம் உழைத்த மாணவன், கணிப்பொறி தின்றுவிட்டது என்று நொந்து நிரல் எழுதுவதையே விட்டுவிடவும் கூடும்.

‘கிட் தானே எச்சரிக்கிறதே?’ என்பார்கள். இந்த இரண்டாவது நிலையில் எச்சரிக்கிறது, பல வரிகளில். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? ஆனால் ஒருவர் எழுந்து மற்றவர் அமரும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் களஞ்சியப் படி தருவதே முறை. வட்டில் இடம் குறைவென்றால், 2015-இல் வந்த ‘வொர்க்ட்ரீ’ வசதி இருக்கிறது. களஞ்சியம் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு கோப்புறை, ஆளுக்கொரு ஹெட். இவை வரும்வரை, அமர்ந்தவுடன் ‘கிட் பிராஞ்ச்’ என்று தட்டி, நட்சத்திரக் குறி எந்தக் கிளையின் முன் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.