திரும்ப எடுக்க வருமா?

பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் இரண்டு மூன்று பேர் அண்மையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பழைய படங்கள், பத்திரிகைத் துண்டுகள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒட்டி வைக்க எந்த ஆல்பம் வாங்கலாம்? கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் பார்ப்பது மேலட்டையைத்தான். நான் சொல்வது வேறு. வைத்த படத்தைச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஆல்பம் வேண்டாம்.

1970, 80களில் ஒரு வகை ஆல்பம் எல்லா வீடுகளிலும் இருந்தது. தடித்த அட்டையில் பசைக் கோடுகள், மேலே ஒரு பிளாஸ்டிக் ஏடு. ‘மேக்னடிக் ஆல்பம்’ என்று பெயர். அதில் காந்தம் எதுவும் கிடையாது. என் தங்கையின் மூத்த குழந்தை மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்கு எடுத்த படம் ஒன்றே ஒன்று. அதைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று பல வருடம் கழித்து எடுக்கப் போனார்கள். படம் கிழிந்து, முகத்தில் பாதி அட்டையோடு தங்கிவிட்டது. அந்தப் பசை நாளாக ஆக மஞ்சளாகி இறுகும் என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் இருக்கிற நிலையிலேயே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்திப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அதற்கும் முந்தைய, எங்கள் அப்பா காலத்து ஆல்பங்களை நினைத்துப் பாருங்கள். கறுப்புத் தாள், நடுவில் பட்டர் பேப்பர், படத்தின் நான்கு முனைகளையும் பிடிக்கும் முக்கோணக் காகித மூலைகள். நான் படித்த பிரெஞ்சில் இவற்றை ‘குவேன்’ என்போம். மூலை என்றுதான் பொருள். பசை அந்த மூலையில்தான் இருக்கும், படத்தில் படாது. எப்போது வேண்டுமானாலும் படத்தை உருவி எடுக்கலாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இன்றும் இதுதான் நல்ல வழி.

அடுத்தது தாள். ‘ஆசிட் ஃப்ரீ’, ‘லிக்னின் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லிக்னின் என்பது மரக்கூழில் இருக்கும் ஒரு பொருள். செய்தித்தாளை நாலு நாள் வெயிலில் போட்டால் பழுப்பாகிறதே, அதற்கு இதுதான் முக்கியக் காரணம். அதனால் பத்திரிகைத் துண்டுகளை அப்படியே படத்துக்கு எதிரே ஒட்டாமல், நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது மேல். பிளாஸ்டிக் உறை என்றால் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டர். புது மழைக்கோட்டு போல வாடை அடித்தால் அது பி.வி.சி.யாக இருக்கலாம்; தொடாதீர்கள். செல்லோடேப் வேண்டாம். மைதாப் பசையும் வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

மூன்றாவது கட்டு. ஆபீசில் டேக் போட்டுக் கோப்பு கட்டிய எனக்கு ஒன்று தெரியும்: நடுவில் சேர்க்க வேண்டிய காகிதம் எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும். புத்தகம் போல் தைத்த ஆல்பத்தில் அதற்கு இடமில்லை. வளையம் போட்டதோ திருகாணி போட்டதோ வாங்கினால் ஏடுகளை இடம் மாற்றலாம், சேர்க்கலாம். அளவில், வெளிநாட்டுப் பாணியில் 12 அங்குலச் சதுர ஆல்பம் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் நம் ஊரில் மாற்றுத் தாளும் உறையும் எளிதாகக் கிடைப்பது A4 அளவில்தான். பீரோவிலும் அடங்கும். முதல் ஆல்பத்துக்கு 20 ஏடு போதும். அதிகம் திணித்தால் முதுகு விரிந்துவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அந்தக் காலத்துக் காகிதங்களும் பிறப்புப் பதிவு நகல்களும் பல வீடுகளில் தகரப் பெட்டியில் மடிந்து கிடக்கின்றன. அவற்றை ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். ஜெராக்ஸை ஆல்பத்தில் வையுங்கள். அசலை மடிக்காமல் தனி உறையில் வையுங்கள். நம் கடற்காற்றுக்கு ஆல்பத்தைப் பரண்மேலோ, ஓதம் ஏறும் சுவரோரமோ வைக்கக்கூடாது.

கடைசியாக, ஒவ்வொரு படத்தின் கீழும் எழுத இடம் விடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் பிரான்சில் வளர்ந்தால் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதுங்கள். படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முகத்தில் தடம் விழும், ஏட்டில் எழுதுங்கள். ஆல்பம் வாங்க அடுத்த மாதம்கூட ஆகட்டும். ஆனால் அந்தக் கூட்டுக் குடும்பப் படத்தில் பின்வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய அத்தையோ பெரியப்பாவோ இருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.