பனையின் 802-வது உபயோகம்

பனைமரத்தால் 801 உபயோகங்கள் உண்டு என்று ‘தால விலாசம்’ என்ற பழைய தமிழ் நூல் கணக்குச் சொல்வதாகப் பெரியவர்கள் எடுத்துக் காட்டுவது வழக்கம். அந்த 801-ஐயும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் 802-வது உபயோகம் ஒன்று உண்டு. அதை எல்லோரும் கண்கூடாகப் பார்க்கலாம். பனைமரம் மேடையில் பேசுவதற்கு மிகவும் உபயோகமாக இருக்கிறது.

தமிழனின் மரம் என்கிறார்கள். ஓலையாகி நம் இலக்கியத்தைக் காப்பாற்றித் தந்த மரம் என்கிறார்கள். கற்பக விருட்சம் என்கிறார்கள். 1978-ஆம் ஆண்டிலேயே அதை மாநில மரமாக்கியதை நினைவூட்டுகிறார்கள். எல்லாம் வாஸ்தவம்தான். பேச்சு முடிந்ததும் மாலை போடுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள். அந்தக் காபியில் இருப்பது சீனி.

இப்போது மேடைப் பேச்சோடு இன்னொரு மோகமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பட்டணத்து ஜனங்களுக்குத் திடீரென்று பழைய பண்டங்கள் எல்லாம் அதிசயப் பொருள்களாகிவிட்டன. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூந்தலில் குச்சியைச் செருகி வண்டி ஓட்டியதை நினைத்து ஐம்பது வயதுக்காரர்கள் கண் கலங்குகிறார்கள். முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் தவுண் என்ற ஒரு வஸ்து இருப்பதைப் புதிதாகத் தெரிந்துகொண்ட இளைஞர்கள், அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். திருக்கார்த்திகைக்கு நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் பச்சை மாவையும் கருப்பட்டியையும் பனங்குருத்தில் வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையைக் கண்காட்சிகளில் தட்டில் வைத்துக் காட்டுகிறார்கள். நெடுஞ்சாலைகளில் போனாலோ, நாலு மைலுக்கு ஒரு தடவை ‘கருப்பட்டிக் காபி’ என்ற பலகை வரவேற்கிறது.

பழைமையை நினைத்து ஏங்குவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ருசி நினைவில் நிற்பது நல்லதுதான். இந்த ஏக்கத்துக்குக் காசு கொடுக்கிறவர் யார் என்பதுதான் என் கேள்வி. பண்டத்தைப் புகழ்வோம், ஆனால் அதன் விலையைக் கொடுக்க மாட்டோம் என்கிற அபிமானம், அந்தப் பண்டத்தை அலட்சியம் செய்வதைவிட அதிகமாகக் கெடுக்கிறது. அலட்சியம் செய்கிறவன் கருப்பட்டியை வாங்காமல் விட்டுவிடுவான், அதோடு போயிற்று. அபிமானி மலிவாகக் கேட்கிறான். மலிவாகக் கேட்கிறவனுக்கு மலிவாகச் செய்து கொடுக்க ஆள் வந்துவிடுகிறது.

மலிவாக ஏன் கொடுக்க முடியாது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடுகளில் தை, மாசி பிறந்தால் பனையில் பாளை விடும். பாளை விட்டதும் பதநீர் தானாகக் கொட்டிவிடாது. பனையேறி மரத்தின் உச்சிக்குப் போய், பாளையை மரக் கிடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். நாரால் கட்ட வேண்டும். இப்படிப் பல நாள் பக்குவம் செய்த பிறகு நுனியைச் சீவினால் சொட்டுச் சொட்டாக வடியத் தொடங்கும். அதன் அடியில் கலயம் கட்ட வேண்டும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அதுவே புளித்துக் கள். பாளையின் நுனியைத் தினமும் புதிதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். அதிகமாகச் சீவினாலோ பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லாது. கை சொல்ல வேண்டும். அந்தக் கை வருவதற்குச் சில வருஷங்கள் ஆகும்.

காலையில் ஏறிக் கலயத்தை இறக்க வேண்டும். மாலையில் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். நாளைக்கு இரண்டு முறை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மரம் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் வளர்ந்த மரங்களே அதிகம். ஒருவர் 30 மரம் பார்க்கிறார் என்றால், இரண்டு வேளைக்கும் சேர்த்து அவர் மேலே ஏறுவது மட்டும் 2,400 அடி. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் ஏறத்தாழ 270 அடி. நாமெல்லாம் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறி, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, மேலே போய்ச் சேர்ந்ததும் பெரிய சாதனை செய்துவிட்டதாக மூச்சு வாங்குகிறோம். பனையேறி ஒரு நாளைக்கு அந்த மலையை ஒன்பது முறை ஏறுகிறார். படி கிடையாது, கைப்பிடி கிடையாது. காலில் ஒரு தளைநார், இடுப்பில் பாளைக் கத்தி வைத்த பெட்டி, மரத்தைக் கட்டிக்கொள்ள இரண்டு கை. நெஞ்சிலும் உள்ளங்காலிலும் காய்த்துப்போன தோல்தான் அவருக்குக் கவசம். கை தவறினால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. பனங்காட்டு ஊர்களில் போய், மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தவர்களைப் பற்றிக் கேளுங்கள். கேட்ட வீட்டிலெல்லாம் ஒரு பெயர் சொல்வார்கள்.

இறக்கியது பாதி வேலைதான். மீதிப் பாதி வீட்டுப் பெண்களுடையது. பதநீர் காத்திருக்காது; அன்றே காய்ச்சியாக வேண்டும். விறகு பொறுக்கி, பெரிய அடுப்பு மூட்டி, சித்திரை வெயிலில் ஓலைக் கொட்டகைக்குள் புகையில் நின்று கிண்ட வேண்டும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்ற வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். இத்தனை உழைப்பும் ஆடி மாதம் வரையில்தான். அதற்குப் பிறகு மரம் ஓய்வெடுத்துக்கொள்ளும். குடும்பத்தின் வயிறு ஓய்வெடுத்துக்கொள்ளாது.

இப்படி விளைகிற ஒரு பண்டம், ஆலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற சீனியைப் போலப் பல மடங்கு விலை இருப்பதில் என்ன ஆச்சரியம்? கிலோ 50 ரூபாய்க்குள் சீனி கிடைக்கிற காலத்தில், கருப்பட்டி விலையைக் கேட்டவுடன் நம் அபிமானி முகம் சுளிக்கிறார். “அடேயப்பா, வெல்லத்துக்கா இந்த விலை!” என்கிறார். அடுத்த கடைக்குப் போகிறார். அங்கே பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் சீனிப்பாகு. கொஞ்சம் பதநீரைச் சேர்த்தோ சேர்க்காமலோ காய்ச்சி, நிறத்துக்கு எதையாவது கலந்து, அதே சிரட்டையில் ஊற்றி, அதே ஓலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டுச் சீனி மூட்டைகளைப் பிடித்ததாகப் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கிறோம், பக்கத்தைத் திருப்புகிறோம்.

கலப்படக்காரனை வைவது சுலபம். அவனை உண்டாக்கியவர் யார்? நல்ல கருப்பட்டியை நல்ல விலைக்கு விற்க முயன்ற பனையேறி ஒருவர், பக்கத்துக் கொட்டகையில் சீனி கலந்தவன் சீக்கிரம் விற்றுத் தீர்ப்பதை எத்தனை பருவம் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒன்று அவரும் கலப்பார். இல்லாவிட்டால் கத்தியை எறவாணத்தில் செருகிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமான விஷயம். ஆனால் குறியீட்டைப் பார்த்து மகிழ்கிறவர் விலையைப் பார்த்து ஓடினால் அந்த முத்திரையால் யாருக்கு என்ன லாபம்?

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்றார்கள். 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாக அறிவித்தார்கள். செங்கல் சூளைக்குப் பனை பனையாகப் போய்க்கொண்டிருந்த நாட்டில் இது நல்ல காரியம். குளக்கரையில் விதை ஊன்றும் இளைஞர்களையும் நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இன்று ஊன்றிய விதை பாளை விட 12 வருஷமாவது ஆகும். 20 வருஷமும் ஆகலாம். அன்றைக்கு அதில் ஏறுவதற்கு யார் இருப்பார்கள்? இன்றைக்கே ஏற ஆளில்லாமல் ஆயிரக்கணக்கான மரங்கள் காய்ந்த மட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. விதையை எண்ணுகிறோம்; மரத்தை எண்ணுகிறோம். ஏறுகிறவர்களின் தலையை எண்ணி, அவர்களுக்கு என்ன வயதாகிறது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். தலை நரைத்தவர்கள்தான் மரத்தில் இருக்கிறார்கள்.

கள் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்குத் தடை வந்ததிலிருந்து அந்தச் சண்டை நடக்கிறது. இரண்டு கட்சியாரும் பனையேறியின் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். யார் ஜெயித்தாலும், பதநீருக்கும் கருப்பட்டிக்கும் நியாய விலை கொடுக்க வேண்டிய கடமை நமக்குத் தீர்ந்துவிடாது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார். “பிள்ளைகள் தகப்பன் தொழிலை விட்டுவிடுகிறார்களே, பாரம்பரியம் என்ன ஆவது?” என்று வருத்தப்படுவார். அவருடைய பிள்ளை குளிர்சாதன அறையில் வேலை பார்க்கிறான். பனையேறி தன் மகனைப் பார்த்து, “நீ மரத்தைத் தொடாதே, படி” என்று சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஏறுகிறவன் என்பதற்காகவே மனிதனைத் தாழ்த்தி வைத்திருந்த ஊர் இது. பதநீரை வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்தவனைத் தள்ளி நிற்கச் சொன்ன ஊர் இது. அந்தத் தழும்பு இருக்கிறவர்களிடம் போய்ப் பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை. எவனும் பிறப்பினால் மரம் ஏற வேண்டாம். விரும்பி ஏறுகிறவனுக்கு, அவன் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும் சரி, மற்ற கைத்தேர்ந்த தொழிலாளிக்குக் கிடைக்கிற கூலியும், விழுந்தால் குடும்பத்தைத் தாங்குகிற ஏற்பாடும் கிடைக்க வேண்டும். பாதுகாப்பாக ஏறக் கருவி வருமானால் அதுவும் வரட்டும். தளைநாரில்தான் தமிழ்ப் பண்பாடு தொங்குகிறது என்று யாராவது சொன்னால், அவரையே ஒரு நாள் ஏறச் சொல்லலாம்.

நாம் செய்யக் கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பருவத்தில் பனங்காட்டுக்குப் பக்கம் போகிறவர்கள் கொட்டகையிலேயே கருப்பட்டியை வாங்கலாம். பேரம் பேசாமல் வாங்கலாம். வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்கி, நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிய மாதிரி ஈரம் படாமல் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு இரண்டு தடவை வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை நல்ல கருப்பட்டிக் காபி குடித்தால் போதும். பலகை போட்டிருக்கிற கடைக்காரரிடம், கருப்பட்டி எங்கேயிருந்து வருகிறது, கிலோ என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்கலாம். பதில் சொல்கிறவரிடம் குடிக்கலாம். முழிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். சர்க்கார், சீனி கலந்த பண்டத்தின் மேல் ‘சீனி கலந்தது’ என்று பெரிய எழுத்தில் போட வைத்தால், பாதி வியாபாரம் ஒரே பருவத்தில் ஒழுங்குக்கு வரும்.

அந்த விலையைக் கொடுக்க மனம் இல்லாவிட்டால், அல்லது கையில் காசு இல்லாவிட்டால், சீனி போட்ட காபியைச் சீனி போட்ட காபி என்று சொல்லியே குடிப்போம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பனையேறிக்கும் அதனால் நஷ்டம் இல்லை.