உச்சரிப்பை வைத்துப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதா?

ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்பில் சேர்வோர் பலர், விளம்பரக் காணொளியில் பயிற்றுநரின் உச்சரிப்பைக் கேட்டே பணம் கட்டிவிடுகின்றனர். லண்டன் ஒலி என்றால் கட்டணமும் கூடுதல்! காலனிய ஆட்சி விட்டுச்சென்ற மயக்கம் இது.

கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பு குறைந்தது 120 மணி நேரம்; அதில் 6 மணி நேரம், உண்மையிலேயே ஆங்கிலம் பயில வந்தவர்களுக்குப் பாடம் நடத்தியாக வேண்டும். பயிற்றுநர் உடனிருந்து குறிப்பெடுத்துக் குறைகளைச் சொல்வார். அந்த 120 என்ற எண்ணை மட்டும் கடன்வாங்கி, ஒரு வகுப்பறையையும் காட்டாமல் சான்றிதழ் விற்போர் இந்தியாவெங்கும் உளர்.

இதுவரை எத்தனை பேருடைய வகுப்பைப் பார்த்துத் திருத்தினீர்கள்? அறுபது பேர் நெருங்கி அமர்ந்த, நான்கு தாய்மொழிகள் கலந்த வகுப்பில் கற்பித்ததுண்டா? பணம் கட்டுமுன் இவ்விரண்டையும் கேட்டுப் பார்க்கட்டும். பாதிப் பயிற்றுநர்கள் கட்டணச் சலுகையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர்.