திங்கட்கிழமை சூப்



லண்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஞாயிறு ரோஸ்டில் மீந்த மாட்டிறைச்சியை மறுநாள் சூப்பில் போட்டால் சக்கையாகிவிடுகிறது. இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் வேகவே இல்லை. ஏன்?”

வேகாததால் அல்ல அம்மா, வெந்ததால்தான்.

இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் என்றால் ரோஸ்ட். மறுநாளைக்கு மிஞ்சட்டும் என்றே பெரிய துண்டாக வாங்குவார்கள். அந்த மறுநாள், திங்கள், அங்கே துணி துவைக்கும் நாளாக இருந்தது. வாஷிங் மெஷின் வராத காலத்தில் தண்ணீர் காய்ச்சி, துவைத்து, பிழிந்து, காயப்போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். புதிதாகச் சமைக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? ஆறிய இறைச்சியை அறுத்து வைப்பார்கள். இல்லையென்றால் எலும்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போவார்கள். 1861-இல் வெளிவந்த மிசஸ் பீட்டனின் புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூலில் ஆறிய இறைச்சிக்கென்றே பல குறிப்புகள் உண்டு. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் வீடுகளில் இதே மிச்சம் மிளகாயும் வெங்காயமும் சேர்ந்து வதங்கி ஜல்ஃப்ரேஸி ஆனது தனிக்கதை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் மிச்சத்தைப் பயன்படுத்துவது சிக்கனம் என்பதைத் தாண்டிக் கட்டாயமானது. 1940 மார்ச்சில் இறைச்சிக்கு வந்த ரேஷன், 1954 ஜூலையில்தான் நீங்கியது. ஆளுக்கு இத்தனை எடை என்றில்லாமல், இத்தனை காசுக்கு என்று கணக்கு. மலிவான துண்டு வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும். எலும்பையும் சவ்வையும் அடுப்பில் விட்டுப் பிடிக்கத் தெரிந்தவர் பிழைத்தார்.

கேள்விக்கு வருவோம். எலும்பை ஒட்டிய சவ்விலும் குருத்தெலும்பிலும் கொலாஜன் இருக்கிறது. மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அது கரைந்து சாறுக்கு வழவழப்பைத் தரும். ரோஸ்டுக்கு வாங்கும் துண்டில் அது குறைவு. அங்கே இருப்பது தசையும் அதிலுள்ள நீரும்தான். ஓவனில் ஒரு முறை வெந்ததை மறுபடி கொதிக்கவிட்டால் மிச்ச நீரும் பிழிந்து வெளியேறி நார் மட்டும் நிற்கும். ஆக, எலும்பு முதலில், இறைச்சி கடைசியில்.

ரோஸ்ட் தட்டில் உறைந்த கொழுப்பை வழித்துப் பாருங்கள். அடியில் கரும்பழுப்பு நிறத்தில் ஜெல்லி நடுங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழுவி ஊற்றுகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. சூப்பின் உயிரே அதில்தான். எலும்பையும் ஜெல்லியையும் பச்சைத் தண்ணீரில் போட்டு, தோலோடு ஒரு வெங்காயம் (நிறத்துக்கு), ஒரு செலரித் தண்டு, பிரிஞ்சி இலை, நாலு மிளகு. தளதளவென்று கொதிக்க வேண்டாம். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். மூன்று மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். குக்கரில் வைத்தால் முக்கால் மணியில் முடியும்.

வழித்த கொழுப்பில் ஒரு கரண்டி எடுத்து கேரட், லீக்ஸ், டர்னிப்பை வதக்கி, ஒன்றரை லிட்டர் சாறும் கழுவிய பார்லி 100 கிராமும் சேருங்கள். பார்லி குழைய முக்கால் மணிக்கு மேலும் ஆகலாம். மிஞ்சிய கிரேவி இருந்தால் ஊற்றுங்கள். அதில் உப்பு இருக்கும் என்பதால் உங்கள் உப்பை அதற்குப் பிறகு போடுங்கள். இறைச்சியை நாருக்குக் குறுக்காக நகம் அளவுக்கு நறுக்கி, தீயைத் தணித்த பிறகே போட வேண்டும். உள்ளே வரை ஆவி பறக்கச் சூடேறியதும் இறக்கிவிடலாம்.

மாட்டிறைச்சி சேர்க்காத வீடுகளில் ஆட்டெலும்பில் இதையே செய்யலாம். ஸ்காட்லாந்துக்காரர்களின் பார்லி சூப்பே பெரும்பாலும் ஆட்டிறைச்சியில்தான்.

எச்சரிக்கை ஒன்று. ரோஸ்ட் ஆறிய கையோடு, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், பிரிட்ஜுக்குப் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மிச்சத்தைத் தீர்த்துவிடுங்கள், ஒரு முறைக்கு மேல் சூடாக்காதீர்கள் என்பது பிரிட்டன் அரசின் உணவுத் தர அமைப்பு சொல்லும் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மிச்சம் செவ்வாயைத் தாண்டக் கூடாது. இறைச்சி சேர்க்காத சாறை மட்டும் தனியே எடுத்து ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாளுக்கு இறைச்சி போடாமல் எடுத்துவைத்த சூப் கூழாக இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், பார்லி சாறைக் குடித்திருக்கிறது. வெந்நீர் விட்டுக் கலக்கிச் சூடாக்குங்கள். லண்டன் வாசகி அடுத்த திங்கள் செய்து பார்த்துவிட்டு எழுதட்டும், பிரசுரிக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்