ஸ்பேனர் மட்டும் போதாது

குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவது வீண்செலவு, ஒரு ஸ்பேனரும் டெஃப்லான் டேப்பும் போதும் என்கிறார் நண்பர். வாஷர் மாற்றுகிற வரைக்கும் அது சரி. சுவருக்குள் போகும் லைனுக்கு அது பொருந்தாது.

பழைய ஜி.ஐ. லைனில் குழாயைக் கழற்றும்போது, துருவேறிய நிப்பிள் மரையோடு முறிந்து சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எடுக்க டைல்ஸை உடைக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் கேட் வால்வு பல வருடம் திருகாமல் இறுகிப்போயிருந்தால், தண்ணீரை நிறுத்தவும் வழியில்லை. பிளாஸ்டிக் மரையை அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடும். பிறகு பக்கத்து அறைச் சுவர் ஊறும்.

எவ்வளவு இறுக்கலாம், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதே தொழில். அதற்குரிய கூலியை வீண்செலவு என்பது அநியாயம்.