நைட் ஷிப்ட் தெருவில் வெங்காய வண்டி

காலை 9 மணி. மணிமங்கலத்தில் எங்கள் தெருவில் பல வீடுகள் அப்போதுதான் தூங்கப் போயிருக்கும். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டுப் படுத்தவர்கள். சரியாக அந்த நேரத்துக்குத்தான் வருகிறது வெங்காய வண்டி. ‘வாங்கம்மா... வாங்க!’ ரெக்கார்ட் செய்த குரல், அதற்கு மூச்சே வாங்காது. அது போனால் உப்பு வண்டி, பிறகு பழைய இரும்பு. நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த ஊர் இது. அன்றைய போர் முரசாவது சாயந்திரம் ஓய்ந்திருக்கும்!

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. அந்த நேரத்தில்தான் இவர்கள் வேலையில் நிற்கிறார்களே!

போன வாரம் மாடி வீட்டுப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான். சண்டைதான் என்று எட்டிப் பார்த்தேன்.

“அண்ணா, கொஞ்சம் சவுண்டைக் குறைங்கண்ணா. இப்பதான் படுத்தேன்.”

“நான் இன்னும் படுக்கவே இல்ல தம்பி. ராத்திரி கோயம்பேட்டுல லோடு ஏத்துனது” என்றபடியே குறைத்தார்.

அவன் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு மாடியேறினான். தெருமுனை திரும்பியதும் மறுபடி ஃபுல் வால்யூம்.