காட்டுக்குள் ஓர் ஊர்

வாஷிங்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வர்ஜீனியாவின் ஷெனாண்டோ தேசியப் பூங்காவுக்கு. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது, மலைமுகட்டை ஒட்டிய 169 கி.மீ. ஸ்கைலைன் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். காரை விட்டு இறங்காதவர்களுக்கு அது ஆதிகாலக் காடு. இறங்கி நடந்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

டிக்கி ரிட்ஜ் தகவல் மையத்துக்கு எதிரே தொடங்கும் ஃபாக்ஸ் ஹாலோ நடைபாதை மொத்தமே 2 கி.மீ.தான். மரங்களுக்கு நடுவே ஆங்காங்கே கற்குவியல்கள். உழுவதற்காக, முன்பு இங்கே வாழ்ந்த ஃபாக்ஸ் குடும்பத்தார் சரிவிலிருந்து கையால் பொறுக்கிப் போட்ட கற்கள் அவை. சற்றுத் தள்ளி அந்தக் குடும்பத்தின் கல்லறைகள். தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் பெரிவிங்கிள் கொடி, நம் ஊர் நித்தியகல்யாணிக்கு உறவு; ஐரோப்பாவிலிருந்து வந்தது, யாரோ நட்டு வைத்தது. பக்கத்து ஸ்னீட் பண்ணையில் கொட்டகை மட்டும் முழுசாக நிற்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம்தான் மிச்சம். ஆப்பிள் தோட்டத்தைக் காடு விழுங்கிவிட்டது.

இவர்கள் தாமாக விட்டுப்போகவில்லை. பூங்காவுக்காக நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்த வர்ஜீனியா அரசு 1928இல் சட்டம் போட்டது. 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பட்டா இல்லாமல் குடியிருந்தவர்களுக்கு நிலத்துக்கான காசும் கிடையாது. 1936இல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து பூங்காவை முறைப்படி திறந்துவைத்தார்.

இதற்கு நடுவே, 1933இல் வெளியான ‘ஹாலோ ஃபோக்’ என்ற நூல் இம்மலைவாசிகளை வெளியுலகமே தெரியாத பின்தங்கிய மக்களாகச் சித்திரித்தது. வெளியேற்ற நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான புத்தகம் வேறென்ன வேண்டும்! பிற்பாடு தொல்லியலாளர்கள் அந்தக் குடியிருப்புகளை ஆராய்ந்தபோது கிராமபோன் இசைத்தட்டுத் துண்டுகளும் கடைப் பொம்மைகளும் கிடைத்தன. உலகம் அவர்கள் வீட்டுக்குள் எப்போதோ வந்திருந்தது.

வயதான சிலரை மட்டும் கடைசிவரை இருக்க விட்டார்கள். அவர்களில் கடைசியாக இருந்த ஆனி ஷெங்க் 1979இல்தான் காலமானார்.

வாஷிங்டன் வட்டாரத்தில் தமிழர்கள் ஏராளம். விருந்தாளிகளை அழைத்துப் போகிறவர்கள் ஸ்கைலைன் சாலையில் செல்ஃபியோடு திரும்பிவிடாமல், ஃபாக்ஸ் ஹாலோவில் ஒரு மணி நேரம் நடக்கலாம். ஆனால் பழைய பொருள் எது கண்ணில் பட்டாலும் கை வைக்க வேண்டாம். எடுப்பது அங்கே குற்றம்.